கடிகாரம் இல்லை, இளமதி

"அது கடிகாரம் இல்ல அங்கிள், நான்தான்" என்று சொல்லிக்கொண்டே அடுத்த கண்ணாடிச் சில்லைச் சட்டத்தில் செருகுவாள் இளமதி. "அத விடுங்க. இப்பத் தெளிவா தெரியுதா, இதுக்கு முன்னாடி தெளிவா இருந்துச்சா?"

தேக்கா சந்தைக்கு எதிர்ச்சாரியில், நகைக்கடைக்கும் காய்கறிக்கடைக்கும் நடுவே நெருக்கிக்கொண்டு நிற்கிற மூக்குக்கண்ணாடிக் கடை அது. கண் சோதிக்கும் அறை துணி அலமாரியைவிடச் சற்றே பெரிது. கதவைச் சாத்தி விளக்கை அணைத்தால் பேருந்து இரைச்சலும் பூக்கடைப் பாட்டும் வெளியே நின்றுவிடும். எதிர்ச்சுவரில் எழுத்துகள் மட்டும் ஒளிரும். அந்த அமைதியில்தான் வந்தவர் காதில் டிக், டிக் என்று விழும். அவர் முதலில் தன் கைக்கடிகாரத்தைப் பார்ப்பார். பிறகு சுவரைப் பார்ப்பார். கடைசியில், தன் முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் குனிந்திருக்கும் பெண்ணைப் பார்ப்பார்.

அவள் நெஞ்சுக்குள் உலோக வால்வு ஒன்று இருக்கிறது. இதயத்திலிருந்து ரத்தம் வெளியேறும் வாசலில் பொருத்திய சின்னக் கதவு. ஒவ்வொரு முறை மூடும்போதும் சத்தம் போடும். "வாய மூடியிருந்தா இவ்ளோதான். திறந்தா இன்னும் ஜோரா கேக்கும்" என்று வாயை அகலத் திறந்து காட்டுவாள். பள்ளிப் பிள்ளைகள் மறுபடி மறுபடி கேட்டு மகிழ்வார்கள். ஒருமுறை ஒரு பெரியவர் அதைப் பல்லி என்று நினைத்து, எந்தத் திசையிலிருந்து சொல்கிறது, என்ன பலன் என்று கணக்குப் போடத் தொடங்கிவிட்டார். "நான் எந்தப் பக்கம் நகர்றேனோ அந்தப் பக்கம் சொல்லும் அங்கிள். உங்களுக்கு எந்தப் பலன் வேணும்னு சொல்லுங்க, அங்க போய் நிக்கிறேன்" என்றாள் இளமதி.

வயது முப்பத்திரண்டு. ஒல்லி, குரல் மட்டும் இரண்டு ஆளுக்குப் போதும். அழுக்கான கண்ணாடியைக் கண்டால் அவளுக்குப் பொறுக்காது. பேசிக்கொண்டிருப்பவரின் மூக்கிலிருந்தே கழற்றி, துடைத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, மறுபடி மாட்டிவிட்ட பிறகுதான் அடுத்த பேச்சு. ரயிலில் பக்கத்து இருக்கைக்காரருக்கும் இதைச் செய்திருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமைகளில் துவாஸ் தொழிற்பேட்டை விடுதிகளிலிருந்து வரும் தொழிலாளர்களுக்கு இலவசமாக ஒரு திட்டும் உண்டு. தீப்பொறி பட்டுப் புள்ளி புள்ளியாய்ப் போன கண்ணாடியைத் தூக்கிப் பிடித்து, "இது கண்ணாடியில பட்டதால பரவால்ல தம்பி. கண்ணுல பட்டிருந்தா? பாதுகாப்புக் கண்ணாடி குடுக்க வேண்டியது கம்பெனியோட வேலை. நீ கேக்கலன்னா அவங்களா ஞாபகம் வச்சுக்குவாங்களா?" என்பாள். கேட்டால் வேலை போய்விடுமோ என்று அவர்கள் தயங்கினால், கூட்டமாகப் போய்க் கேட்கச் சொல்வாள்.

தனக்காகக் கேட்கத் தெரியாமல் இருந்த ஒரு காலம் அவளுக்கும் உண்டு.

பிறக்கும்போதே மூன்று இதழ் இருக்க வேண்டிய வால்வில் அவளுக்கு இரண்டே இதழ். வளர வளர அது சுருங்கிக்கொண்டே வந்தது. இருபத்தொரு வயதில் ரயில் நிலையப் படிக்கட்டில் மயங்கி விழுந்த பிறகு, வால்வை மாற்றியே ஆக வேண்டும் என்றார்கள். மருத்துவர்கள் இரண்டு வழி சொன்னார்கள். ஒன்று உலோக வால்வு. ஆயுளுக்கும் உழைக்கும், ஆனால் அதில் ரத்தம் உறையாமலிருக்க ஆயுளுக்கும் மாத்திரை சாப்பிட வேண்டும். இன்னொன்று மாட்டின் இதயத்தைச் சுற்றியிருக்கும் சவ்வில் செய்த வால்வு. பத்துப் பதினைந்து வருடத்தில் தேய்ந்துபோகும், மறுபடி அறுவை சிகிச்சை வேண்டியிருக்கும். ஆனால் அந்த மாத்திரையைக் கட்டிக்கொண்டு அழ வேண்டியதில்லை. பிற்பாடு பிள்ளை பெற நினைத்தால் இதுதான் தோது என்று மருத்துவர் இரண்டு முறை சொன்னார்.

அப்பா இல்லாத வீட்டில் முடிவெடுப்பவர் பெரியப்பா சேதுபதி. மாடு என்ற சொல்லைக் கேட்டதும் அவர் எழுந்து நின்றுவிட்டார். கோமாதாவை வெட்டி நம் வீட்டுப் பெண்ணின் நெஞ்சில் வைப்பதா? அவர் இடுப்பில் இருந்தது மாட்டுத்தோல் பெல்ட்டு. காலில் மாட்டுத்தோல் சப்பாத்து. காலையில் குடித்துவிட்டு வந்தது மாட்டுப்பால். மாடு நம் இடுப்பில் இருக்கலாம், காலடியில் இருக்கலாம், வயிற்றுக்குள்ளும் போகலாம். உயிரைக் காப்பாற்ற நெஞ்சுக்குள் மட்டும் வரக்கூடாது. இந்த நியாயத்தை அந்த அறையில் ஒருவரும் எதிர்த்துக் கேட்கவில்லை. சேதுபதி கெட்டவர் அல்லர். அறுவை சிகிச்சை நடந்த நாள் முழுக்கப் பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் வாசலில் உட்கார்ந்து அழுதவர். நல்லவர்கள் செய்கிற அநியாயத்துக்கு எதிராகத்தான் வாயைத் திறப்பது கடினம்.

"எல்லாரும் பேசி முடிச்சிட்டாங்க. பேனாவ மட்டும் என்கிட்ட நீட்டினாங்க" என்பாள் இளமதி, சிரித்தபடி.

கடையில் அவளோடு வேலை பார்க்கும் சம்சுன்னிசாவுக்கு இந்தக் கதை ஒவ்வொரு முறையும் எரிச்சலூட்டும். "எங்க அத்தாவுக்குப் பன்னி வால்வுதான் வச்சாங்க. பள்ளிவாசல் உஸ்தாத்கிட்ட கேட்டோம். உயிருக்கு ஆபத்துன்னா ஆகும்னுட்டாரு. அதுக்கப்புறம் அத்தா எத்தன வருஷம் நல்லா நடமாடினாரு, தொழுதாரு. உங்க வீட்டுல யாருமே போய் ஒரு வார்த்த கேக்கலியாடி?"

"கேட்டாங்களே அக்கா. ஜோசியர்கிட்ட."

தனசேகரன் அவளிடம் கண் சோதிக்க வந்தவன்தான். துவாஸ் துறைமுகத்தில் பாரந்தூக்கிகளைத் திரையில் பார்த்து இயக்கும் வேலை. இருட்டறையில் சத்தத்தைக் கேட்டுவிட்டு, காரணத்தையும் கேட்டுத் தெரிந்துகொண்டு, "பேட்டரி எப்ப மாத்துவீங்க?" என்றான். அதற்கு முன்பு யாரும் அப்படிக் கேட்டதில்லை. மறுவாரம் கண்ணாடிக் கால் வளைந்துவிட்டது என்று வந்தான். அதற்கடுத்த வாரமும் வளைந்தது. "இவன் ராத்திரி அது மேல ஏறிப் படுக்கிறான் போல" என்றார் சம்சுன்னிசா. கல்யாணத்துக்கு முன் சேதுபதி ஜாதகம் பார்த்துப் பத்துக்கு எட்டுப் பொருத்தம் என்றார். வால்வுக்கும் பிள்ளைப்பேற்றுக்கும் பொருத்தம் உண்டா என்று எந்தக் கட்டத்திலும் எழுதியிருக்கவில்லை.

அதை அவர்கள் இரண்டு பேருமாகப் போய் மருத்துவரிடம் கேட்டார்கள், கருத்தரிப்பதற்கு முன்பே. டாக்டர் லிம் மென்மையாகப் பேசுபவர், ஆனால் எதையும் மறைக்கவில்லை. கர்ப்பத்தில் உடம்பில் ஓடும் ரத்தம் ஏறக்குறைய ஒன்றரை மடங்காகும். இதயம் அதற்கு ஈடுகொடுக்க வேண்டும். ரத்தம் உறையும் சுபாவமும் கூடும். உலோக வால்வில் கட்டி விழுந்தால் தாயின் உயிருக்கே ஆபத்து. உறையாமலிருக்க அவள் சாப்பிடும் மாத்திரையோ முதல் மாதங்களில் கருவைப் பாதிக்கக்கூடியது. குழந்தை எடை குறைவாகப் பிறக்கலாம், முன்கூட்டியே பிறக்கலாம், தாயின் இதயக் கோளாறு அதற்கும் வரலாம். பிள்ளை வேண்டாம் என்று முடிவெடுத்தாலும் அது நல்ல முடிவுதான் என்றார். இருவரும் பல மாதம் யோசித்தார்கள். பிறகு இளமதி சரி என்றாள்.

இதையெல்லாம் அவள் வாடிக்கையாளருக்குச் சொல்லும் விதம் வேறு. "மூணு ரூம் வீட்டுக்குப் போட்ட பம்ப வச்சு அஞ்சு ரூம் வீட்டுக்குத் தண்ணி ஏத்துற மாதிரி அங்கிள். பம்பும் ரிப்பேர் பண்ணின பம்பு. ஆனா ஓடுது லா."

கர்ப்பம் என்று தெரிந்ததும் மாத்திரையை நிறுத்தி ஊசிக்கு மாற்றினார்கள். காலையிலும் மாலையிலும் வயிற்றுத் தோலில் அவளே போட்டுக்கொள்ள வேண்டும். ஃபேரர் பார்க் வீட்டில் முதல்முறை அதைப் பார்த்த மாமியார் பாப்பாத்தி கையிலிருந்த கரண்டியைக் கீழே போட்டுவிட்டார். "ஐயோ, பிள்ளைக்குக் குத்திடப் போவுதும்மா."

"பிள்ள மேல் மாடியில இருக்கு அத்த. நான் குத்துறது கீழ லிஃப்ட் வாசல்ல."

பாப்பாத்தி பாசக்காரர். பேருந்தில் மருமகளுக்கு இடம் கிடைக்காவிட்டால் உட்கார்ந்திருப்பவரை முறைத்தே எழுப்பிவிடுவார். ஆனால் நம் வீடுகளில் பாசம் எந்த வழியில் ஓட வேண்டும் என்று யாரோ எப்போதோ வாய்க்கால் வெட்டி வைத்துவிட்டார்கள். கிரகணம் என்றால் சன்னலைச் சாத்தி, திரையை இழுத்து, மருமகளைக் கத்தி தொடவிடாமல் பார்த்துக்கொள்வார். மருமகளுக்கு மூச்சு வாங்கினால் "மாசமா இருந்தா எல்லாருக்கும் வாங்கும்" என்பார். நிழலுக்குப் பயப்படக் கற்றுக்கொடுத்திருக்கிறார்கள். மூச்சுக்குப் பயப்படக் கற்றுக்கொடுக்கவில்லை. எத்தனை பெண்கள் அந்த ஒரு வாக்கியத்தை நம்பி வீட்டிலேயே இருந்துவிட்டார்களோ.

ஏழாம் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. கடையில் கூட்டம். துவாஸிலிருந்து வந்த இளைஞன் ஒருவன், முதல் முறையாக வந்தவன், இருட்டறையில் அவளுக்கு எதிரே உட்கார்ந்தான். இளமதி சில்லை மாற்றினாள். அவன் எழுத்தைப் படித்தான். இன்னொரு சில்லை மாற்றினாள். படித்தான். அவன் கைக்கடிகாரத்தைப் பார்க்கவில்லை, சுவரைப் பார்க்கவில்லை. எல்லோரும் கேட்கிற கேள்வியை அவன் கேட்கவேயில்லை.

"தம்பி, ஏதாச்சும் சத்தம் கேக்குதா?"

"என்ன சத்தம் அக்கா?"

வாயை அகலத் திறந்தாள். "இப்ப?"

பல் காட்டுகிற கண் டாக்டரை அவன் அதுவரை பார்த்ததில்லை. "இல்லக்கா" என்றான், நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் நகர்த்தி.

இளமதி விளக்கைப் போட்டாள். இரண்டு நாளாகப் படியேறும்போது மூச்சு வாங்கியது நினைவுக்கு வந்தது. மாசமா இருந்தா எல்லாருக்கும் வாங்கும். இளைஞனை வெளியே உட்காரச் சொல்லி, சம்சுன்னிசாவை உள்ளே கூப்பிட்டுக் கதவைச் சாத்தி, நெஞ்சில் காதை வைக்கச் சொன்னாள். சம்சுன்னிசா கொஞ்ச நேரம் அப்படியே குனிந்திருந்தார். "கேக்குது. ஆனா பஞ்சுல சுத்தி வச்ச மாதிரி கேக்குதுடி" என்றார். அடுத்த நிமிடம் இருவரும் டாக்சியில் இருந்தார்கள். அந்த இளைஞன் பாதி சோதித்த கண்ணோடு உட்கார்ந்திருந்தான். போகும்போது அவனிடம், "வலது கண்ணு முடிஞ்சிடுச்சு தம்பி, இடதுக்கு அடுத்த வாரம் வா" என்று சொல்ல மறக்கவில்லை இளமதி.

அவள் பயந்தது சரிதான். வால்வின் இரண்டு இதழ்களில் ஒன்று சரியாக அசையவில்லை. அதன் ஓரத்தில் ரத்தக்கட்டி பிடித்திருந்தது. கர்ப்பம் முற்ற முற்ற உடம்பு ஊசி மருந்தை வேகமாக வெளியே தள்ளியிருக்கிறது. போன வாரம் போதுமாக இருந்த அளவு இந்த வாரம் போதவில்லை. வந்தது நல்லதாயிற்று என்றார் டாக்டர் லிம்.

தனசேகரன் துறைமுகச் சட்டையோடு ஓடி வந்தான். அவன் பின்னால் பாப்பாத்தி. அவர் பின்னால், கோயிலிலிருந்து நேராக, நெற்றி நிறைய விபூதியோடு சேதுபதி.

டாக்டர் மூன்று வழி சொன்னார். நெஞ்சைத் திறந்து வால்வை மாற்றலாம். தாய்க்கு ஓரளவு உறுதி, ஆனால் குழந்தை பிழைப்பது சந்தேகம். குழந்தையை இப்போதே எடுத்துவிட்டுப் பிறகு வால்வைப் பார்க்கலாம். குழந்தைக்கு இன்னும் காலம் ஆகவில்லை, தாய்க்கு ரத்தப்போக்கு அபாயம். கட்டியைக் கரைக்கும் மருந்தைச் சிறிய அளவில், மிக மெதுவாக ஏற்றிப் பார்க்கலாம். பலித்தால் இருவருக்கும் நல்லது, ஆனால் எங்காவது ரத்தம் கசியும் ஆபத்து உண்டு.

"நாங்க குடும்பமா பேசிட்டுச் சொல்றோம் டாக்டர்" என்று ஆங்கிலத்தில் தொடங்கினார் சேதுபதி. "எங்களுக்குத் தெரிஞ்ச ஒருத்தர்கிட்ட நேரம் பாத்துட்டு—"

"பெரியப்பா." கட்டிலில் இருந்து வந்த குரல் சத்தமாகக்கூட இல்லை. "கீழ போய் ஒரு கோப்பி குடிச்சிட்டு வாங்க."

"நான் உன் நல்லதுக்குத்தாம்மா சொல்றேன்."

"தெரியும் பெரியப்பா. அப்பவும் நல்லதுக்குத்தான் சொன்னீங்க."

பதினோரு வருடமாக அந்தக் குடும்பத்தில் யாரும் சொல்லாத வாக்கியம் அது. சேதுபதி நெற்றியைத் தடவிக்கொண்டு, கதவைத் தானே திறந்து, கோப்பிக் கடையைத் தேடிப் போனார்.

இளமதி டாக்டர் பக்கம் திரும்பினாள். "மூணுலயும் எனக்கு எவ்வளவு ஆபத்து, பிள்ளைக்கு எவ்வளவு ஆபத்து, தனித்தனியா சொல்லுங்க." அவர் சொல்லத் தொடங்கினார். பாதியில் அவள் கையை நீட்டி அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, போர்வை நுனியில் துடைத்து, திருப்பிக் கொடுத்தாள். "சாரி டாக்டர். பாக்கச் சகிக்கல. சொல்லுங்க." டாக்டர் லிம் தன் வேலையில் அன்றைக்குத்தான் முதல் முறை சிரித்திருப்பார் போல, பக்கத்திலிருந்த தாதி திரும்பிப் பார்த்தார்.

எல்லாம் கேட்டுவிட்டு அவள் சொன்னாள்: "மெதுவா ஏத்துற மருந்து. அது பலிக்கலன்னா ஆபரேஷன். அப்ப ரெண்டு பேர்ல ஒருத்தரத்தான் காப்பாத்த முடியும்னு வந்தா, என்னை. அதயும் இப்பவே எழுதிக்கங்க."

தாய் என்றால் தியாகம் என்று மேடைதோறும் முழங்குகிற ஊரார் அந்த அறையில் இருந்திருந்தால் காதைப் பொத்தியிருப்பார்கள். தனசேகரன் அவள் கையைப் பிடித்துக்கொண்டு தலையாட்டினான். மூலையில் நின்ற பாப்பாத்தி மூக்கை உறிஞ்சினார். "எனக்கும் இவதான் வேணும்" என்றார். பிறகு "இவளுக்குத்தான் என் ஃபோன்ல எழுத்தப் பெரிசாக்கத் தெரியும்" என்றார். அழுதுகொண்டே சிரித்தாள் இளமதி.

மருந்து சொட்டுச் சொட்டாக இறங்கியது. நாலைந்து நாள் எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். கட்டி கரைந்தது. படத்தில் அந்த இதழ் மறுபடி திறந்து மூடுவதைத் திரையில் காட்டியபோது, தனசேகரன் பாரந்தூக்கியைப் பார்க்கிற கண்ணோடு அதைக் கூர்ந்து பார்த்து, "ஸ்மூத்தா போவுது" என்று சான்றிதழ் கொடுத்தான். அதன்பிறகு அவளை வீட்டுக்கு விடவில்லை. ஊசியின் அளவை அடிக்கடி சோதித்துக் கூட்டினார்கள். வார்டில் இருந்த பெண்கள், தாதியர், துப்புரவு செய்யும் அக்கா என்று ஒருவர் விடாமல் எல்லோருடைய கண்ணாடியும் அந்த வாரங்களில் பளிச்சென்று இருந்தது.

முப்பத்தேழாம் வாரத்தில் நாள் குறித்து, இதய மருத்துவரும் மகப்பேற்று மருத்துவரும் மயக்க மருத்துவரும் கூடி நிற்க, பெண் பிறந்தாள். இரண்டு கிலோவுக்குச் சற்றே மேல். சின்ன உடம்பு, குரல் அம்மாவுடையது. அவள் இதயத்தையும் படமெடுத்துப் பார்த்தார்கள். வால்வில் மூன்று இதழும் ஒழுங்காக இருந்தன. வர்ஷா என்று பெயர் வைத்தார்கள். நட்சத்திரத்துக்கு எந்த எழுத்து என்று சேதுபதி கேட்பதற்குள் பதிவு செய்துவிட்டு வந்தான் தனசேகரன்.

ரத்தக்கசிவு பயம் நீங்கிய நாள், பழைய மாத்திரையை மறுபடி தொடங்கலாம் என்றார்கள். பகல் வெளிச்சம் நிறைந்த அறை. தொட்டிலில் வர்ஷா. சின்னக் காகிதக் கிண்ணத்தில் மாத்திரையை வைத்துவிட்டுத் தாதி போனதும், பாப்பாத்தி பையிலிருந்து பால்மாவு டின்னை எடுத்து மேசையில் வைத்தார்.

"அந்த மாத்திர சாப்பிட்டா தாய்ப்பாலு ஆகாதும்மா. பிள்ளைக்கு ரத்தம் தண்ணியாப் போயிடும்."

"டாக்டர்கிட்ட கேட்டுட்டேன் அத்த. இந்த மாத்திர பால்ல எறங்காது. தாராளமா குடுக்கலாம்னு சொல்லிட்டாங்க."

"டாக்டருங்க அப்படித்தான் சொல்லுவாங்க" என்றார் சேதுபதி. அவர் கைபேசியில் யாரோ அனுப்பிய காணொளி ஓடிக்கொண்டிருந்தது. "வயித்துல இருக்கும்போது ஆகாத மாத்திர, வெளிய வந்ததும் எப்படி ஆகும்? நான் சும்மா லாஜிக்கா கேக்குறேன்."

கேள்வி நல்ல கேள்விதான். அதற்கு விடை தெரிந்த ஒருத்தியிடம்தான் அதைக் கேட்டிருக்க வேண்டும். அவரோ தனசேகரனைப் பார்த்துக் கேட்டார். தனசேகரன் அம்மாவைப் பார்த்தான், டின்னைப் பார்த்தான். "ரெண்டும் கொஞ்சம் கொஞ்சம்..." என்று இழுத்தான். பாப்பாத்தி சுடுதண்ணீர் எங்கே என்று தேடத் தொடங்கினார். ஒரு மாதத்துக்கு டின் பால், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று சேதுபதி ஏறக்குறைய தீர்மானம் நிறைவேற்றிவிட்டார். குழந்தை விழித்துக்கொண்டு சிணுங்கியது.

இளமதி காகிதக் கிண்ணத்தை எடுத்து மாத்திரையை வாயில் போட்டாள். குவளைத் தண்ணீரை முழுவதும் குடித்தாள். தொட்டிலிலிருந்து வர்ஷாவைத் தூக்கி மடியில் கிடத்திக்கொண்டு, பேசிக்கொண்டிருந்தவர்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே, சட்டையின் முதல் பொத்தானை அவிழ்த்தாள்.